4ஏ-ஜிஇ 16 வால்வ்: 6400-க்கு மேலே டார்க் படுத்துடுது, டைனோவில் என்ன விட்டுப்போச்சு?

ஹாச்சிரோகு_ரசிகன்

வணக்கம். வண்டி டொயோட்டா ஏஇ86. இன்ஜின் பிற்பாடு வந்த ஸ்மால்போர்ட் (காற்று உள்ளே போற வழி சின்னதா இருக்கிற) 4ஏ-ஜிஇ. டர்போ கிடையாது, போடுற எண்ணமும் இல்லை. விவரம்:

போர் 81.5 மி.மீ., ஸ்ட்ரோக் 77, அதாவது 1607 சிசி. ஃபோர்ஜ்டு ஹை-டோம் பிஸ்டன், பெட்டியில் போட்டிருக்கிற கம்ப்ரெஷன் 11:1. கேஸ்கெட் ஸ்டாக் 1.2 மி.மீ. இருந்தது, இப்போ 0.8 மி.மீ. மெட்டல். ஹெட் 0.3 மி.மீ. ஸ்கிம் ஆகியிருக்கு. கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) ரெண்டும் 264 டிகிரி, லிஃப்ட் (வால்வ் திறக்கிற உயரம்) 8 மி.மீ.-ஐ ஒட்டி. அட்ஜஸ்டபிள் கேம் புல்லி ரெண்டு பக்கமும். 20 வால்வ் பிளாக்டாப்போட 45 மி.மீ. த்ராட்டில் நாலும் அடாப்டர் வெச்சு மாட்டியாச்சு. ஹெடர் 4-2-1. இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்டாண்டலோன், டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்டாக்.

டைனோவில் (பவர் அளக்கிற மெஷின்) வீலில் கிடைச்சது 112 எச்பி, 6400 ஆர்பிஎம்மில். 7600-ல் 105. முழு த்ராட்டிலில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) 12.8 நேர்கோடா இருக்கு. 4500 பக்கம் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிற சத்தம்) கேட்டதால இக்னிஷன் டைமிங் 24 டிகிரிக்கு மேல ஏத்த முடியலை. டைனோ ஆபரேட்டர் இன்டேக் கேமை புல்லியில் 4 அட்வான்ஸ் வெச்சார், மிட்-ரேஞ்ச் கூடினதால அப்படியே விட்டாச்சு. எக்ஸாஸ்ட் 0-வில் இருக்கு.

8000 வரைக்கும் இழுக்கணும்னுதான் இவ்வளவும் செஞ்சது. ஏஎஃப்ஆர் சரியா இருக்கும்போது பவர் எங்கே போகுது? இன்னும் பெரிய கேம் வேணுமா?

---

பியூரெட்

பெரிய கேமை மறந்துவிடுங்கள். முதலில் கையில் இருக்கும் எண்களைப் படிப்போம்.

வீலில் 112 என்றால், பின்வீல் வண்டிக்கு 15 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டால் கிராங்க்கில் 132 எச்பி. ஜப்பானில் 1989-க்குப் பிறகு வந்த ஸ்டாக் ஸ்மால்போர்ட்டின் அறிவிக்கப்பட்ட பவர் 7200-ல் 140 பிஎஸ். ஆக இத்தனை வேலைக்கும் பிறகு நீங்கள் ஸ்டாக்குக்குக் கீழே நிற்கிறீர்கள்.

டார்க்காக மாற்றினால் இன்னும் தெளிவாகும். எச்பியை 7121-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் நியூட்டன் மீட்டர். 6400-ல் வீலில் 125, 7600-ல் 98. கிராங்க்குக்கு மாற்றி லிட்டருக்கு வகுத்தால் 6400-ல் லிட்டருக்கு 91, 7600-ல் 72. நன்றாகச் சேர்த்த நாலு வால்வ் இன்ஜின் உச்ச டார்க்கில் லிட்டருக்கு 100-ஐத் தொட வேண்டும், உச்ச பவரில் 87-ஆவது இருக்க வேண்டும். 1200 ஆர்பிஎம்முக்குள் ஐந்தில் ஒரு பங்கு டார்க் விழுகிறது என்றால் சிலிண்டருக்குள் காற்று போகவில்லை. ஏஎஃப்ஆர் 12.8 என்பது போன காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போயிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு காற்று போனது என்பதை அது சொல்லாது.

இப்போது கம்ப்ரெஷன். பெட்டியில் இருக்கும் 11:1 என்பது ஸ்டாக் கேஸ்கெட்டும் வெட்டாத ஹெட்டும் இருந்தால் வரும் எண். கணக்குப் போடுங்கள்: ஒரு சிலிண்டரின் அளவு 401.7 சிசி. 11:1-க்கு மிஞ்சும் இடம் 40.2 சிசி. கேஸ்கெட் 0.4 மி.மீ. மெலிந்ததில் 2.1 சிசி போனது. ஹெட்டில் 0.3 வெட்டியதில், சேம்பர் வாயின் பரப்பு 45 சதுர செ.மீ. என்று கொண்டால், இன்னொரு 1.35 சிசி. மீதி 36.7 சிசி. அதாவது 11.9:1. நீங்கள் 11 என்று நினைத்து ஓட்டுவது 12. பம்ப் பெட்ரோலில் 4500-ல் நாக்கிங் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

இது காகிதக் கணக்கு, நம்பி நிற்காதீர்கள். ஹெட் இறங்கினால் அளந்துவிடுங்கள். சேம்பர் மேல் ஓட்டை போட்ட அக்ரிலிக் தட்டை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் மாட்டியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் ஓட்டும் அதே பிளக். டோம் அளக்க பிஸ்டனை டெக்கிலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்குங்கள். டோம் அந்த 10 மி.மீ.-க்கு மேலே எட்டிப் பார்த்தால் இன்னும் இறக்கிக் கணக்கை மாற்றுங்கள். தட்டையான பிஸ்டனாக இருந்தால் 52.2 சிசி பிடிக்க வேண்டும். 44 சிசிதான் பிடித்தது என்றால் டோம் 8.2 சிசி. முதல் ரிங்குக்கு மேலே சிலிண்டர் சுவரில் கிரீஸ் தடவாவிட்டால் திரவம் கசிந்து எண் பொய்யாகும். நாலு சேம்பரும் தங்களுக்குள் 0.3 சிசிக்குள் இருக்கட்டும்.

---

டைமிங்பெல்ட்

நாலு டிகிரி அட்வான்ஸ்னு போட்டிருக்கீங்களே, எந்த டிகிரி? கிராங்க் டிகிரியா, கேம் டிகிரியா?

பல கேம் புல்லியில் கோடுகள் கேம் டிகிரியில் இருக்கும். கேம் ஒரு சுத்து சுத்தினா கிராங்க் ரெண்டு சுத்து. அப்போ புல்லியில் 4 தள்ளினா கிராங்க்கில் 8. இது நிறையப் பேர் விழுற குழி. அது மட்டும் இல்லை. புல்லியில் 0-ன்னு இருக்கிற கோடு எந்த வகையிலும் உண்மையான 0 இல்லை. ஹெட்டும் கேஸ்கெட்டும் சேர்ந்து 0.7 மி.மீ. கீழே இறங்கியிருக்கு, அதுக்கே கேம் சுமார் 1 கிராங்க் டிகிரி ரிடார்ட் ஆகியிருக்கும். கேம் அரைச்சதில் இருக்கிற பிழை தனி.

அதனால் கேம் கார்டில் (கேமோட வர்ற அளவுத்தாள்) போட்டிருக்கிற லோப் சென்டரை (வால்வ் முழுசா திறக்கிற கிராங்க் கோணம்) டிகிரி வீல் வெச்சு அளக்கணும். வேற வழி கிடையாது.

முதல்ல வால்வ் கிளியரன்ஸ் (கேமுக்கும் ஷிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி) சரி பண்ணுங்க. ஸ்டாக் கேமுக்கு குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15-0.25, எக்ஸாஸ்ட் 0.20-0.30. உங்க கேமுக்கு கார்டில் என்ன இருக்கோ அது. அடுத்து டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு ஒரு பக்கம் கையால மெதுவா முட்டுற வரைக்கும், மறுபக்கம் முட்டுற வரைக்கும் சுத்தி, ரெண்டுக்கும் நடு எதுவோ அதுதான் டிடிசி. புல்லி மார்க்கை நம்பாதீங்க, பழைய டேம்பர் ரப்பர் வழுக்கி 5 டிகிரி வரைக்கும் தள்ளி நிற்கும்.

டயல் கேஜ் முனையை பக்கெட் விளிம்பில் வால்வ் தண்டுக்கு இணையா வைங்க. சாய்ஞ்சா அளவு கூடும். கிராங்க்கை சுத்துற திசையிலேயே சுத்துங்க. தாண்டிப்போனா 40 டிகிரி பின்னால போய்த் திரும்ப வாங்க, இல்லைன்னா பெல்ட் தொய்வு அளவில் சேர்ந்துடும். 1 மி.மீ. லிஃப்ட் திறக்கும்போது ஒரு எண், மூடும்போது ஒரு எண். உதாரணத்துக்கு டிடிசிக்கு 2 டிகிரி முன்னால திறந்து பிடிசிக்கு (பிஸ்டன் அடியில் நிற்கிற இடம்) 38 டிகிரி பின்னால மூடினா 2 + 180 + 38 = 220. பாதி 110, அதுல 2 போக 108. இன்டேக் சென்டர் 108.

கார்டு 108 சொல்லி உங்க புல்லி 102 காட்டினா அதே கேம் 32 டிகிரியிலேயே மூடுது. 7500-ல் காற்று வேகம் எடுத்து இன்னும் உள்ளே வந்துகிட்டு இருக்கும்போது கதவைச் சாத்துற மாதிரி. கீழே, 4500-ல், சீக்கிரம் மூடுறதால சிலிண்டரில் அடைபடுற காற்று கூடும், அழுத்தம் கூடும், நாக்கிங் வரும். உங்க ரெண்டு வியாதிக்கும் ஒரே மருந்துன்னு எனக்குப் படுது.

இன்னொண்ணு, அவசரம். இன்டேக்கை அட்வான்ஸ் பண்ணினா வால்வும் பிஸ்டனும் நெருங்கும். ஹை-டோம், மெல்லிய கேஸ்கெட், வெட்டின ஹெட், இது எல்லாமே அதே திசையில் சேருது. களிமண் வெச்சு ரெண்டு சுத்து சுத்தி வெட்டிப் பாருங்க. டிடிசிக்கு 10 டிகிரி பின்னால இன்டேக், 10 டிகிரி முன்னால எக்ஸாஸ்ட் ரொம்பக் கிட்ட வரும். இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மி.மீ. இருந்தா நிம்மதி. ஸ்க்விஷ் (டிடிசியில் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 0.8 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. இதெல்லாம் பார்க்காம 8000-க்கு ஓட்டாதீங்க.

---

நாலு_பட்டர்ஃப்ளை

மேலே சொன்னவை எல்லாம் சரி. நான் த்ராட்டில் பக்கம் வருகிறேன்.

ஃபில்டர் எப்படி மாட்டியிருக்கிறது என்று சொல்லவில்லை. பெல்மவுத் வாயிலிருந்து ஃபில்டர் மூடி வரை குறைந்தது ஒரு விட்டம், உங்களுக்கு 45 மி.மீ., இடைவெளி வேண்டும். 15 மி.மீ.-இல் நுரை ஃபில்டரைக் கவிழ்த்து மாட்டினால் கீழே ஒன்றும் தெரியாது, 6500-க்கு மேல் டார்க் சரியும். டைனோவிலேயே ஃபில்டரைக் கழற்றி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டம்தான், சும்மா தெரிந்துகொள்ள. வித்தியாசம் 1 எச்பிக்குள் இருந்தால் ஃபில்டரை விட்டுவிடலாம். வால்விலிருந்து பெல்மவுத் வாய் வரை மொத்த நீளம் 280-300 மி.மீ. இருந்தால் 7500 சுற்றுக்கு ஒத்துவரும். அடாப்டர் தட்டுக்கும் போர்ட்டுக்கும் நடுவே படி இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்மால்போர்ட் வாய் சின்னது. 45-லிருந்து அந்த அளவுக்குச் சீராகக் குறுக வேண்டும், திடீரென்று சுவர் வரக் கூடாது.

இசியுவுக்கு லோடு சிக்னல் (இன்ஜின் எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்று சொல்வது) எது? மேனிஃபோல்ட் பிரஷர் மட்டும் வைத்து ட்யூன் செய்திருந்தால், தனித்தனி த்ராட்டிலில் முப்பது, நாற்பது சதவீதம் திறந்ததுமே பிரஷர் வளிமண்டலத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் இசியுவுக்கு எல்லாம் ஒன்றுதான். த்ராட்டில் கோணத்தை வைத்து அட்டவணை போடுங்கள். அச்சில் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைப்பது பெரிய தவறு. 0, 2, 4, 6, 8, 12, 16, 25, 40, 70, 100 என்று கீழே நெருக்கமாக வேண்டும். 2-லிருந்து 6 சதவீதத்துக்குள் காற்று மூன்று மடங்கு மாறும், 70-லிருந்து 100-க்கு ஒன்றும் மாறாது. உயரம் மாறும்போது சரிசெய்ய வளிமண்டல அழுத்த சென்சார் தனியாக ஒன்று வேண்டும்.

டைனோவுக்குப் போகும் முன் நாலு த்ராட்டிலையும் காற்றளவுமானியால் ஒத்திசைத்துவிடுங்கள். ஐடிலில் மணிக்கு அரை கிலோவுக்குள். அடுத்து கேபிளை லேசாக இழுத்து 2500-இல் மறுபடி பாருங்கள். ஐடிலில் ஒத்து 2500-இல் பிரிந்தால் லிங்கேஜ் வளைந்திருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை.

ஐடிலில் வைட்பேண்ட் (ஏஎஃப்ஆர் அளக்கும் சென்சார்) 15, 16 என்று லீனாக (பெட்ரோல் குறைவாக) காட்டினால் பதறிப் பெட்ரோல் சேர்க்காதீர்கள். ஓவர்லேப்பில் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் இரண்டும் திறந்திருக்கும் நேரம்) எரியாத காற்று நேரே எக்ஸாஸ்டுக்குப் போகிறது, மிஸ்ஃபயரும் இருக்கும், சென்சார் அந்த ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. இன்ஜின் எதில் சீராக ஓடுகிறதோ அதில் விடுங்கள்.

---

எட்டாயிரம்

யாரும் தொடாத ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். அந்த கேமின் புல்லியை 8 கிராங்க் டிகிரி நகர்த்தினால் இக்னிஷனும் அதே 8 டிகிரி நகரும். நகர்த்திய பிறகு டைமிங் லைட் பிடித்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் திரையில் இருக்கும் 24-க்கு அர்த்தமே இல்லை. உண்மையில் 32 ஓடியிருக்கலாம், நாக்கிங் அதனால்கூட வந்திருக்கலாம்.

இசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி ஐடிலில் லைட் பிடியுங்கள், பிறகு 4000-இல் பிடியுங்கள். இரண்டிலும் 10 இருக்க வேண்டும். 4000-இல் 8 காட்டினால் பிக்கப் (டிஸ்ட்ரிபியூட்டர் சென்சார்) தாமதத்தை இசியுவில் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள். மார்க் நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் பெல்ட்டிலும் உள்ள தளர்ச்சி. கிராங்க்கில் 36-1 சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாத சென்சார் சக்கரம்) போட்டால் அந்த நடுக்கம் போகும். போடாதவரை உச்ச டைமிங்கில் 2 டிகிரி விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டைனோ வேலை முறை. கூலன்ட் 85-90, ஆயில் 80-க்கு மேல். கியர் 4-வது, ஏஇ86-இன் டி50 பெட்டியில் அது நேர் 1:1. டயர் பிரஷர், கட்டும் பட்டையின் இறுக்கம் இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். எதையும் தொடாமல் மூன்று ஓட்டம். மூன்றும் 1 சதவீதத்துக்குள் வரவில்லையென்றால் ட்யூன் செய்ய ஆரம்பிக்கவே கூடாது, வரும் லாபமெல்லாம் இரைச்சல்தான். வெப்பம், காற்றழுத்தத்துக்கான திருத்தக் கணக்கு எது என்று கேளுங்கள். எஸ்ஏஇ ஜே1349-ஐவிடப் பழைய எஸ்டிடி கணக்கு சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இரண்டு கணக்குத் தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஸ்மூத்திங்கைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், வழுவழுப்பான கோடு குறைகளை மறைக்கும்.

டைமிங் தேடும்போது பிரேக் உள்ள டைனோ என்றால் ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தி, 20-இல் தொடங்கி 2 டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கூடும் இடத்தில் நிறுத்தி 1 டிகிரி பின்வாங்குங்கள். வெறும் இனர்ஷியா டைனோவில் இப்படிப் பிடிக்க முடியாது, முழு ஓட்டமாகத்தான் ஒப்பிட வேண்டும். நாக்கிங்கைக் காதில் கேட்க பிளாக்கில் போல்ட் போட்ட சென்சாரும் ஹெட்ஃபோனும் வேண்டும். வெறும் காதுக்கு 6000-க்கு மேல் எதுவும் கேட்காது. உயர் டோம் பிஸ்டனில் தீ பரவ டோம் குறுக்கே நிற்பதால் ஸ்டாக் சேம்பரைவிடச் சற்றுக் கூடுதல் டைமிங் கேட்கும். 28-32 வரை போனால் வியப்பில்லை. லாம்டா 0.87-0.89-இல் (ஏஎஃப்ஆர் சுமார் 12.8-13.1) வைத்துக்கொண்டு முதலில் கேம், பிறகு டைமிங், கடைசியில் பெட்ரோலை நுணுக்கமாகத் தொடுங்கள். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

கேம் தேடும்போது ஒவ்வொரு முறையும் 2 கிராங்க் டிகிரி, ஒரு கேம் மட்டும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

---

விடெக்_விசாரணை

நடுவுல ஒரு சின்னக் கேள்வி, மன்னிக்கணும். ஹோண்டா பி16ஏ இன்ஜினில் விடெக் (சின்ன கேம் லோபிலிருந்து பெரிய லோபுக்கு மாத்துற அமைப்பு) மாறுற இடத்தை டைனோவில் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 5500-ல் மாறும்போது ஒரு குழி விழுது.

---

எட்டாயிரம்

முழுக்கச் சின்ன லோபில் 6500 வரை ஒரு ஓட்டம். முழுக்கப் பெரிய லோபில் 3500-இலிருந்து ஒரு ஓட்டம். இரண்டு டார்க் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று போடுங்கள், வெட்டும் இடம்தான் மாறும் இடம். ஆனால் அதற்கு முன் இரண்டு லோபுக்கும் பெட்ரோல், இக்னிஷன் அட்டவணை தனித்தனியாக முடிந்திருக்க வேண்டும். குழி விழுவது பெரும்பாலும் மாறும் புள்ளி தாமதமாக இருப்பதால், அல்லது மாறிய கணத்தில் பெரிய லோப் அட்டவணை லீனாக இருப்பதால். ஆயில் பிரஷர் குறைவாக இருந்தால் பின் பூட்டவே தாமதமாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஹாச்சிரோகு_ரசிகன்

அளந்தாச்சு.

இன்டேக் சென்டர் புல்லியில் 0 வெச்சா 110, இப்போ இருந்த இடத்தில் 102. புல்லி கோடு கேம் டிகிரிதான். எக்ஸாஸ்ட் 109. டைமிங் லைட்டில் இசியு 10 சொன்னா கிராங்க்கில் 18 நிக்குது, டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்திருக்கு. ஹெட்டைக் கழற்றிப் பியூரெட்டால் அளந்ததில் கம்ப்ரெஷன் 11.8. இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடைவெளி, 102-ல், 1.1 மி.மீ. தான். ஃபில்டர் மூடி பெல்மவுத்திலிருந்து 18 மி.மீ.

1.2 மி.மீ. கேஸ்கெட் திரும்பப் போட்டேன், கணக்குப்படி 11.2 வருது. இக்னிஷனை லைட்டில் சரி பண்ணி, இன்டேக் 108-ல் வெச்சு ஓட்டினப்போ 7200-ல் 121. 110-ல் 7400-க்கு 124, 3500-ல் 3 நியூட்டன் மீட்டர் போச்சு. 112-ல் மேலே எதுவும் கூடலை, கீழே மட்டும் இன்னும் போச்சு. 110-லேயே விட்டேன். டைமிங் 29 வரைக்கும் நாக்கிங் இல்லை. ஃபில்டர் பெட்டியை 50 மி.மீ. இடைவெளிக்கு மாத்தினதும் 7500-ல் 128.

இப்போ மிச்சம் இருக்கிறது: 7800-க்கு மேல டார்க் கோடு பல்லு பல்லா இருக்கு. ஏஎஃப்ஆரும் அங்கே லீன் பக்கம் குதிக்குது.

---

டைமிங்பெல்ட்

பல்லு பல்லா இருந்தா மூணு இடம் பார்க்கணும். இக்னிஷன் நடுக்கம், வால்வ் மிதப்பு (ஸ்ப்ரிங் வால்வை நேரத்துக்கு மூட முடியாம போறது), பெட்ரோல் பிரஷர்.

பிளக் கேப்பை 1.1-லிருந்து 0.8-க்குக் குறைச்சு ஒரு ஓட்டம். பல்லு போச்சுன்னா காயில் தெம்பு பத்தலை. அடுத்தது பிரஷர் கேஜை ரெயிலில் வெச்சுக் கேமரா பிடிங்க. 3 பார் உச்ச ஆர்பிஎம்மில் ஆடாம நிக்கணும். இன்ஜெக்டர் அளவு: உத்தேசமா ஒரு எச்பிக்கு நிமிஷத்துக்கு 5.25 சிசி. கிராங்க்கில் 150-ன்னா மொத்தம் 788, ஒண்ணுக்கு 197, எண்பத்தஞ்சு சதவீத டியூட்டியில் 232 சிசி. அதுக்குக் கீழே இருந்தா அங்கேதான் லீன்.

இது ரெண்டும் சரியா இருந்தா ஸ்ப்ரிங். 264 கேமுக்கு ஸ்டாக் ஸ்ப்ரிங்கா? முழு லிஃப்டில் காயில்களுக்கு நடுவே மொத்தம் 1 மி.மீ.-ஆவது மிச்சம் இருக்கணும், அது இருந்தும் பழைய ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா 7800-ல் வால்வ் சீட்டில் குதிக்கும். நாலு பக்கெட்டோட மேல் ஷிம்மை (கிளியரன்ஸ் சரி பண்ணுற தட்டு) கழற்றி விளிம்பைப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சிருந்தா லோப் ஷிம்மோட விளிம்பு வரைக்கும் போகுதுன்னு அர்த்தம், அங்கேயிருந்துதான் ஷிம் துப்பும். 8.5 மி.மீ.-க்கு மேல கேம் போகிற அன்னிக்கு ஷிம்மைப் பக்கெட்டுக்குக் கீழே மாத்திடுங்க. அதுவரைக்கும் ரெவ் லிமிட் 7700.